சிறு திருத்தங்கள்

ஜூலை 29, திங்கள்

என் கணவர் முரளி சொல்லித்தான் இதை எழுதுகிறேன். "வீட்ல கத்தாத அனு. எழுதித் தொலை. நோட்டு வாங்கித் தரேன்" என்றார். சொன்னபடியே பொன்மலை ரயில்வே பட்டறையில் ஷிஃப்ட் முடிந்து வரும்போது இருநூறு பக்க நோட்டு ஒன்றை வாங்கி வந்துவிட்டார். சரி, எழுதுகிறேன்.

போனில் ஆப் வைக்க ஒரு கடை இருக்கிறது. நம் ஊரில் பெரும்பாலான போன்களுக்கு அதுதான் வாசல். அந்தக் கம்பெனியின் பெயரை இந்த நோட்டில் எழுதப்போவதில்லை. கடை என்றே எழுதுவேன்.

என் ஆப்பின் பெயர் 'அடுத்த ஸ்டாப்'. பார்வை இல்லாதவர்களுக்கானது. டவுன் பஸ்ஸில் ஏறியதும் இறங்க வேண்டிய இடத்தை வாயால் சொல்லிவிட்டு, திரையை அணைத்து, போனை மூடிப் பையில் போட்டுக்கொள்ளலாம். ஸ்டாப் நெருங்கும்போது பைக்குள் இருந்தே குரல் வரும். "அடுத்தது மரக்கடை." "அடுத்தது பாலக்கரை. நீங்கள் இறங்க வேண்டும்." அவ்வளவுதான் வேலை. நான்கு வருடம் முன்பு சென்னை வேலையை விட்டுத் திருச்சிக்கு வந்தபின் தனியாளாக உட்கார்ந்து எழுதியது. அறுநூற்று நாற்பது பேர் வைத்திருக்கிறார்கள்.

கடை இந்த வருடம் புது விதி போட்டிருக்கிறது. போன் மூடியிருக்கும்போதும் ஆள் எங்கே இருக்கிறார் என்று பார்க்கும் ஆப்புகள் தனி அனுமதி வாங்க வேண்டும். படிவம் நிரப்பி, அந்த வசதி எதற்கு என்று காட்டும் வீடியோ ஒன்றும் அனுப்ப வேண்டும். ஆகஸ்ட் 31 கடைசி நாள்.

விதி நியாயமானதுதான். ஆளுக்குத் தெரியாமல் ஆளைப் பின்தொடரும் திருட்டு ஆப்புகள் ஆயிரம் இருக்கின்றன. விதி நியாயமாக இருப்பதுதான் எரிச்சலை இன்னும் கூட்டுகிறது.

இன்று முதல் நிராகரிப்பு. காரணம்: வீடியோ இல்லை. வீடியோ இணைத்திருந்தேன்.

ஜூலை 31, புதன்

மறுபடி பார்த்தேன். வீடியோ இணைப்பைத் திறந்ததாகவே கணக்கில் இல்லை. பார்வை எண்ணிக்கை: பூஜ்யம். திறந்துகூடப் பார்க்காமல் 'இல்லை' என்று எழுத ஒரு ஆள் வேண்டுமா? ஆள்தானா அது?

துணி காயவில்லை. மாடியில் பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் கொடியையும் சேர்த்துப் பிடித்துவிட்டார். அவரிடமும் சண்டை.

ஆகஸ்ட் 3, சனி

சகாயராஜ் சாரை வைத்துப் புது வீடியோ எடுத்தோம். சாருக்கு ஐம்பத்திரண்டு வயது. பிறவியிலேயே பார்வை இல்லை. அரசு அலுவலகம் ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டர். எங்கள் பகுதிப் பார்வையற்றோர் சங்கத்துக்குச் செயலாளர். என் ஆப்பை முதலில் போட்டுப் பார்த்தவரும், அதிகமாகத் திட்டியவரும் அவர்தான். எந்த ஸ்டாப்பில் நாலு வினாடி தாமதமாகப் பேசுகிறது என்பதுவரை சொல்வார்.

இன்று ஆடிப்பெருக்கு என்பது எங்கள் இரண்டு பேருக்குமே நினைவில்லை. சத்திரம் பஸ் நிலையத்தில் கால் வைக்க இடமில்லை. காவிரிக்கு வந்த கூட்டம் முழுக்க மஞ்சள் கயிறும் ஈரச் சேலையுமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. எப்படியோ ஏறினோம். நான் எதிரே நின்று படம் பிடித்தேன். சார் போனை மூடிச் சட்டைப்பையில் போட்டார்.

"என்னம்மா, ரீல்ஸா?" என்றார் கண்டக்டர்.

"இல்ல தம்பி, கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்குறோம். அதுக்கு வீடியோ" என்றார் சார். பஸ்ஸே சிரித்தது.

அந்தச் சிரிப்புக்கு நடுவே பையிலிருந்து "அடுத்தது பாலக்கரை" என்று தெளிவாகக் கேட்டது. சார் எழுந்தார். கூட்டம் வழிவிட்டது. யார் கையையும் பிடிக்காமல் இறங்கினார். ஒரே டேக். இதைவிட நல்ல வீடியோ எவனாலும் எடுக்க முடியாது.

ஆகஸ்ட் 7, புதன்

நிராகரிப்பு. அப்படியே தமிழில் எழுதி வைக்கிறேன்: "நீங்கள் அனுப்பிய காணொளியில் கைபேசித் திரை அணைந்த நிலையில் உள்ளது. இந்த வசதியின் பயன் பயனருக்குக் கண்ணால் தெரியும்படி இல்லை."

கண்ணால் தெரியும்படி இல்லை!

பாத்திரம் துலக்கும்போது ஒரு கண்ணாடித் தம்ளர் உடைந்தது. உடைத்தேன் என்று எழுதுவதே சரி.

சாருக்குப் போன் செய்து படித்துக் காட்டினேன். சிரிக்க ஆரம்பித்தார், நிறுத்தவே இல்லை.

"கண்ணால தெரியணுமாமா? ஏம்மா, எனக்கும் அதாம்மா ஆசை. கொஞ்சம் ஏற்பாடு பண்ணச் சொல்லு."

அவரால் சிரிக்க முடிகிறது. என்னால் முடியவில்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

இப்போது நான் யார் என்பதில் சந்தேகம் வந்துவிட்டது கடைக்கு. ஆப் எழுதுபவர்கள் எல்லோரும் அடையாளத்தை நிரூபிக்க வேண்டுமாம். ஆதாரில் நான் 'அனுசுயா மு'. பாஸ்போர்ட்டில் 'அனுசுயா முரளிதரன்'. கடையில் பதிந்தபோது 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தைக் காலியாக விடமுடியாமல் அப்பா பெயரைப் போட்டு 'அனுசுயா தங்கவேலு' என்று வைத்திருக்கிறேன். மூன்று பெண்கள். மூன்று பேரும் ஒருத்தி என்று நிரூபிக்க இருபத்தோராம் தேதி வரை நேரம்.

உதவிப் பக்கத்தில் அரட்டைப் பெட்டி ஒன்று உண்டு. அதில் கேட்டேன்: எங்கள் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா அல்லது கணவர் பெயரின் முதல் எழுத்துத்தான், என்ன செய்வது?

"உங்கள் குடும்பப் பெயரை உள்ளிடவும்" என்றது.

கிடையாது என்று எழுதினேன்.

"நன்றி, கிடையாது அவர்களே. வேறு ஏதேனும் உதவி வேண்டுமா?"

ஆகஸ்ட் 13, செவ்வாய்

நோட்டரி வக்கீலிடம் போய்ப் பிரமாணப் பத்திரம் வாங்கி வந்தேன். மூன்று பெண்களும் நானே.

ஆகஸ்ட் 19, திங்கள்

மேல்முறையீடு செய்தேன். இரண்டு பக்கம். மரியாதையாகத்தான் எழுதினேன். பார்வையில்லாத ஒருவர் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு பஸ்ஸில் போக வேண்டிய அவசியம் என்ன, ஒரு கையில் கோல், மறு கையில் கம்பி, போனை எதால் பிடிப்பார் என்று கேட்டிருந்தேன். நான்கு நிமிடத்தில் பதில். இரண்டு பக்கத்தைப் படிக்கவே நான்கு நிமிடம் ஆகும். "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியமானது. இந்த முறையீடு முடித்துவைக்கப்பட்டது."

அவர்களுடைய இந்திய அலுவலகத்தின் தொலைபேசி எண்ணைத் தேடிப்பிடித்து அழைத்தேன். பதிவு செய்த குரல் ஒன்று இணையதளத்தைப் பார்க்கச் சொல்லிவிட்டு வைத்துவிட்டது. நான் யாரிடம் கோபப்பட வேண்டும்? கோபப்படவாவது ஒரு முகம் வேண்டாமா? மூன்று வாரமாக ஒரு மனிதக் குரலுக்காக அலைகிறேன், கிடைக்கவில்லை.

ஆகஸ்ட் 23, வெள்ளி

மூன்றாவது வீடியோ. சார் பஸ்ஸில் போவது ஒரு பக்கம், வரைபடத்தில் புள்ளி நகர்வது மறுபக்கம், கீழே எழுத்து. ஐந்து நாள் வேலை. பதில்: அதே வரி. ஒரு எழுத்துக்கூட மாறவில்லை.

முரளி இன்று தோசைக்கல்லின் முன் நின்றார். நான் எழுந்திருக்கவில்லை.

ஆகஸ்ட் 24, சனி

31ஆம் தேதிக்குள் புதுப் பதிப்பு ஏறாவிட்டால் என்ன ஆகும் என்று இன்னொரு முறை படித்தேன். ஏற்கெனவே வைத்திருப்பவர்களின் போனில் பழையது அப்படியே ஓடும். புதிதாகத் தேடுபவர்களுக்குக் கடையில் தெரியாது. மறைத்துவிடுவார்கள்.

நாலு வருட உழைப்பு மறைந்து போகும்.

செப்டம்பர் 14 சென்னையில் ஒரு கருத்தரங்கில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். 'எளியோருக்கான தொழில்நுட்பம்'. கடையில் ஆப் இருக்கும் இணைப்பை 30ஆம் தேதிக்குள் கேட்டிருக்கிறார்கள். அது ஒரு பெரிய விஷயமில்லை. நினைவுக்காகக் குறித்து வைக்கிறேன்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

ஏறிவிட்டது.

மூடிய போனில் இடம் பார்க்கும் பகுதியை எடுத்துவிட்டேன். தற்காலிகமாகத்தான். இப்போதைக்குத் திரை திறந்திருந்தால் பேசும், மூடினால் பேசாது. படிவத்தில் அந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று குறித்தேன். அது உண்மையும்கூட. அனுப்பிய நாற்பது நிமிடத்தில் அனுமதி வந்தது. ஒரு மாதம் என்னை நாயாக அலையவிட்டவர்களுக்கு நாற்பது நிமிடம் போதுமாக இருந்தது!

'இந்தப் பதிப்பில் புதியது என்ன' என்ற கட்டத்தில் 'சிறு திருத்தங்கள்' என்று போட்டேன். எல்லோரும் அப்படித்தான் போடுவார்கள்.

நாளை சாருக்குச் சொல்லி, எல்லோருக்கும் செய்தி அனுப்ப வேண்டும்.

ஆகஸ்ட் 28, புதன்

சாரே காலையில் கூப்பிட்டுவிட்டார்.

"ஏம்மா, வந்துருச்சாமே! போன்ல அப்டேட்டுன்னு சொல்லுச்சு."

"வந்துருச்சு சார்."

"எப்படிம்மா ஒத்துக்கிட்டான்?"

"ஒத்துக்கிட்டாங்க சார்."

"அப்படிப் போடு! ஃபிலோமினா, அந்தப் பொண்ணு ஜெயிச்சிருச்சுடி!" என்று மனைவியிடம் கத்தினார். உடனே சங்கத்தின் குழுவில் குரல் செய்தி போட்டார். கம்பெனிக்காரனை மடக்கிய அனு மேடம் என்று. முப்பது நாற்பது பேர் வாழ்த்தினார்கள். அந்தச் சந்தோஷத்துக்கு நடுவில் எப்படிச் சொல்வது? அவர் பேசவிட்டால்தானே. கொஞ்சம் அடங்கட்டும்.

கருத்தரங்குக்காரர்களுக்கு இணைப்பை அனுப்பினேன்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

முரளியின் அக்கா குடும்பம் வந்திருந்தது. எலுமிச்சை சாதம், வடை. யாரிடமும் பேச நேரமில்லை. எல்லோருடைய போனிலும் புதுப் பதிப்பு ஏற ஒரு வாரமாவது ஆகும். அதற்குள் சொன்னால் போதும்.

செப்டம்பர் 2, திங்கள்

பர்வீனுக்கு அடிபட்டுவிட்டது.

சார் மதியம் கூப்பிட்டார். பர்வீனுக்கு இருபத்தாறு வயது. காட்டூரில் வீடு. டவுனில் பிரெய்ல் பாடநூல் அச்சடிக்கும் இடத்தில் பிழை திருத்துபவள். விரலால் தடவிப் படித்து, எந்தப் புள்ளி தப்பு என்று சொல்லும் வேலை. தினமும் துவாக்குடி பஸ்ஸில் தனியாகப் போய்வருவாள். சனிக்கிழமை வேலை முடிந்து திரும்பும்போது போன் பேசவே இல்லையாம். காட்டூர் தாண்டிவிட்டது. பதறிப்போய்க் கேட்டிருக்கிறாள். யாரோ "இங்க எறங்கிக்கம்மா" என்று இறக்கிவிட்டிருக்கிறார்கள். தஞ்சாவூர் ரோட்டில் பழக்கமில்லாத இடம். எதிர்த் திசையில் வந்த பைக் மோதியிருக்கிறது. வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிவு. ஆட்காட்டி விரலில் ஏழு தையல்.

"போன் பேசலையாம்மா. என்ன ஆச்சுன்னு பாரு" என்றார் சார்.

"பாக்கறேன் சார்" என்றேன்.

அந்தக் கடைக்காரர்களைத் தெருவில் நிறுத்திக் கேட்க வேண்டும். கண்ணால் தெரியும்படி வேண்டும் என்றீர்களே, வந்து பாருங்கள். கண்ணால் பாருங்கள். இவர்கள் ஒரு மாதம் இழுத்தடிக்காவிட்டால் இது நடந்திருக்குமா? போதும்.

செப்டம்பர் 3, செவ்வாய்

மருத்துவமனைக்குப் போனேன். ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனேன், எதற்கென்று தெரியவில்லை.

என் குரல் கேட்டதும் பர்வீன் எழுந்து உட்கார்ந்தாள். தோளிலிருந்து விரல் நுனிவரை கட்டு.

"அக்கா, நான்தான் ஏதோ தப்பா அமுக்கிட்டேன் போல. அப்டேட் வந்துச்சுல்ல, அதுக்கப்புறம் எதையோ மாத்தி வச்சிட்டேன். ரெண்டு நாளா யோசிக்கிறேன், எதைன்னுதான் தெரியல."

அவள் அம்மா ஜுலைகா கட்டிலின் அந்தப் பக்கம் நின்றிருந்தார். "எத்தன தடவ சொல்லியிருப்பேன், தனியா போகாதன்னு! போன் சொல்லும், போன் சொல்லும்னு இவ ஒரே பிடிவாதம். ஒழுங்கா அமுக்கத் தெரியாதவளுக்கு எதுக்கு இதெல்லாம்? இனிமே வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம். நீயாச்சும் சொல்லும்மா இவகிட்ட."

பர்வீன் உதட்டைக் கடித்துக்கொண்டு இடது கையால் போர்வையின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"சரியாயிடும்" என்றேன். வேறென்ன சொல்வது? அந்த இடத்தில், அந்த நிலைமையில்?

செப்டம்பர் 4, புதன்

குக்கர் எத்தனை விசில் என்று எண்ணவில்லை. சாதம் அடிப்பிடித்தது.

செப்டம்பர் 5, வியாழன்

கடைக்கு எழுதினேன். ஐந்து பக்கம். இந்தமுறை மரியாதை பார்க்கவில்லை. பர்வீனின் கை, விரல், வேலை, எல்லாம் எழுதினேன். உங்களுக்கு ரத்தம் சதை என்று ஏதாவது உண்டா என்று கேட்டேன்.

சார் கூப்பிட்டார். சங்கத்தில் பேசிவிட்டார்களாம். கம்பெனி மேல் புகார், பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுப் பேட்டி. "நீதாம்மா பேசணும். என்ன நடந்துச்சுன்னு ஒனக்குத்தான் தெரியும். சனிக்கிழம வா, எழுதிருவோம்."

சாப்பிடும்போது முரளியிடம் சொன்னேன். அவர் தட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"அந்த வசதிய எடுத்துட்டேன்னு அவங்ககிட்ட சொன்னியா?"

"சொல்றதுக்குள்ள..."

"பழசு வச்சிருந்தவங்களுக்குப் பழசே ஓடிட்டு இருந்திருக்கும்ல? நீ அப்டேட் போடலன்னா?"

இந்த மனுஷருக்கு எப்போது எதைக் கேட்பது என்றே தெரியாது. எழுந்து போய்விட்டேன்.

செப்டம்பர் 6, வெள்ளி

கடைக்கு எழுதிய ஐந்து பக்கத்தை மறுபடி படித்தேன். அதில் ஆகஸ்ட் 27ஆம் தேதியே இல்லை. 23லிருந்து நேராக 31க்குப் போகிறது. நான் வேண்டுமென்று விடவில்லை. எழுதும்போது அது வரவேயில்லை.

இந்த நோட்டையும் புரட்டினேன். முரளி கேட்ட கேள்விக்குப் பதில் 24ஆம் தேதிப் பக்கத்தில் என் கையெழுத்திலேயே இருக்கிறது.

செப்டம்பர் 7, சனி

பிள்ளையார் சதுர்த்தி. மேலப்புதூரில் சங்கத்தின் அறை ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே. தெருமுனை ஒலிபெருக்கி சத்தத்தில் ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தார்கள். சாருடன் ஆறேழு பேர். எழுபது பேரின் பெயர்களுடன் புகார்க் கடிதம் தயாராக இருந்தது. ஒருவர் அதைப் பிரெய்லில் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். "கம்பெனியின் புதிய விதியால் ஆப் செயலிழந்து" என்ற இடம் வந்தது.

"அது அப்படி இல்ல சார்" என்றேன்.

சொன்னேன். 27ஆம் தேதி செய்தது, நாற்பது நிமிடம், 'சிறு திருத்தங்கள்'. அவர் கூப்பிட்டபோது நான் வாயைத் திறக்காதது. பழையதை அப்படியே விட்டிருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது என்பது. சென்னைக் கருத்தரங்கு. எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்தபின்னும் கடையைப் பற்றி இரண்டு வரி சேர்த்துக்கொண்டேன், அவர்கள் அப்படிச் செய்ததால்தானே என்று. வாய் தானாகப் போனது.

படித்துக்கொண்டிருந்தவரின் விரல் அதே வரியில் நின்றிருந்தது. சார் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார்.

"மேடம்" என்றார். நான்கு வருடத்தில் அவர் என்னிடம் நேராகப் பேசும்போது மேடம் என்று சொன்னதில்லை. "அந்தக் கம்பெனிக்காரன் எங்களப் பாத்ததில்ல. நாங்க யாருன்னே அவனுக்குத் தெரியாது. ஒங்களுக்குத் தெரியும்."

"தெரியும் சார்."

"போன மூடினா பேசாது. மூணு வார்த்தை. அந்த மூணு வார்த்தைய எங்களுக்குச் சொல்றதுக்கு நீங்க எவன்கிட்ட பர்மிஷன் வாங்கணும்? சொல்லுங்க."

நான் அழுதேன். அவர் காத்திருந்தார். ஆறுதல் சொல்லவில்லை. அழுகை நின்றதும் தன் போனை மேசைமேல் வைத்தார்.

"எல்லாருக்கும் சொல்லுங்க. இப்பவே, இங்கயே, ஒங்க கொரல்ல. யார் போன்லயாச்சும் இன்னிக்கு அது பேசாம இருக்கும்."

சொன்னேன். முதல் தடவை 'தவிர்க்க முடியாத காரணங்களால்' என்று ஆரம்பித்தேன். "அழிச்சிட்டு மொதல்லேர்ந்து" என்றார். நான்காவது தடவைதான் சரியாக வந்தது.

கீழே இறங்கும்போது யாரும் கூட வரவில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

காட்டூர். பர்வீனை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். நேற்றைய குரல் செய்தியை அவள் கேட்டிருக்கவில்லை. ஜுலைகா போனை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

ஜுலைகா டீ போட எழுந்தார். உட்காரச் சொன்னேன். இரண்டு பேரிடமும் சொன்னேன். இன்று கடையைப் பற்றிப் பேசவில்லை.

பர்வீன் நான் பேசும் திசைக்குத் தலையைத் திருப்பிக் கேட்டாள். முடிந்ததும் முதலில் கேட்டது இதுதான்.

"அப்ப நான் தப்பா எதையும் அமுக்கலையா?"

"இல்ல பர்வீன். நீ எல்லாம் சரியாத்தான் செஞ்ச."

"அம்மா, கேட்டியா?" குரல் உயர்ந்தது. "கேட்டியாம்மா? எனக்கு அமுக்கத் தெரியும். எட்டு நாளா என்னை என்னென்ன சொன்ன? நான் சரியாத்தான் போட்டேன். எல்லாம் சரியாத்தான் போட்டேன்!"

ஜுலைகா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். திட்டவில்லை. எழுந்து போய் பீரோவைத் திறந்து போனை எடுத்து மகளின் இடது கையில் வைத்தார்.

பர்வீன் அதை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

"நீங்க கெளம்புங்க அக்கா."

செப்டம்பர் 10, செவ்வாய்

செய்திக்கு வந்த பதில்கள்: தொண்ணூற்று நான்கு. சிலர் திட்டியிருந்தார்கள். உறையூரிலிருந்து ஒருவர், வியாழக்கிழமை மூன்று ஸ்டாப் தள்ளி இறங்கி மழையில் நடந்ததாகச் சொல்லியிருந்தார். தன் மூளைதான் மழுங்கிவிட்டது என்று நினைத்தாராம். இன்னும் எத்தனை பேர் அப்படி நினைத்தார்களோ. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொன்னேன். நான் அரட்டைப் பெட்டிக்குள் இருந்து பேசும் ஆள் இல்லை என்று காட்டவாவது.

செப்டம்பர் 14, சனி

சென்னை போகவில்லை. காரணத்தை அவர்களுக்கு முழுதாக எழுதினேன். ஒரு வரிப் பதில் வந்தது: புரிகிறது.

சங்கத்தில் கூட்டம். புகாரைத் திருத்தி எழுதினார்கள். என் தவறு ஒரு பத்தி, கடையின் தவறு மூன்று பத்தி. சார் என் பத்தியைச் சுருக்கவும் இல்லை, நீட்டவும் இல்லை. பழைய பதிப்பைக் கடைக்கு வெளியே, நேரடியாக எல்லோருக்கும் அனுப்புவது என்று முடிவானது. அதை ஏற்றும்போது "இந்த ஆப் உங்களுக்குத் தீங்கு விளைவிக்கலாம்" என்று போன் எச்சரிக்கிறது. அதைக் கேட்டுவிட்டு ஒரு அம்மா, "இத நம்பலாமா, வேணாமா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

இனி எந்தப் பதிப்பும் சங்கத்தில் நான்கு பேர் போட்டுப் பஸ்ஸில் போய்ப் பார்க்காமல் வெளியே போகக்கூடாது. கடையில் கணக்கு சங்கத்தின் பெயருக்கு மாறுகிறது. என் கையெழுத்து மட்டும் போதாது. ஒத்துக்கொண்டேன். ஒத்துக்கொள்ளும்போது உள்ளே ஒன்று எரிந்தது. நாலு வருடம் நான் எழுதியது. எரியட்டும்.

செப்டம்பர் 25, புதன்

கடையிலிருந்து அனுமதி. மூடிய போனில் பேசலாம்.

சங்கத்தின் பெயரில் அனுப்பியது, ஆடிப்பெருக்கு அன்று பஸ்ஸில் எடுத்த அதே வீடியோ. ஒரு நொடிகூட வெட்டவில்லை, ஒட்டவில்லை. அன்று 'தெரியும்படி இல்லை' என்றது இன்று 'ஏற்கப்பட்டது'. காரணம் இல்லை. யார் பார்த்தார்கள் என்று இல்லை. புகாரைப் படித்தார்களா என்று இல்லை. ஐந்து பக்கத்துக்கும் எழுபது பெயருக்கும் ஒரு வரிப் பதில் இல்லை. வாசலில் ஆளே இல்லை, கதவு மட்டும் அது இஷ்டத்துக்குத் திறந்து மூடுகிறது.

சாருக்குப் போன் செய்து சொன்னேன்.

"சரி மேடம். நாலு பேரும் போட்டுப் பாக்கட்டும்" என்றார்.

செப்டம்பர் 27, வெள்ளி

நால்வரும் இரண்டு நாள் போய்வந்து சரி என்றார்கள். குழுவில் அறிவித்தார்கள். நான் ஒன்றும் போடவில்லை.

மதியம் ரசம் தாளித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பர்வீன். எட்டாம் தேதிக்குப் பிறகு முதல் தடவை. அடுப்பை அணைத்தேன்.

"கை எப்படி இருக்கு?"

"கட்டுப் பிரிக்க இன்னும் ஒரு வாரம். விரல்ல தையல் பிரிச்சாச்சு. புள்ளி தெரியுது, ஆனா மங்கலா தெரியுது. பழகணும்னு சொல்றாங்க." நிறுத்தினாள். பின்னால் ஜுலைகா யாரையோ அதட்டும் சத்தம் கேட்டது. "அடுத்த மாசம் பதினாலாம் தேதிலேர்ந்து வேலைக்கு வரச் சொல்லியிருக்காங்க. அம்மா கூட வரேங்குது. நான் வேணாம்னுட்டேன்."

"பர்வீன், நான்..."

"இருங்க. நான் ஒங்ககிட்ட சமாதானமா பேச வரல. புது அப்டேட் நல்லா இருக்குன்னு சார் சொன்னாரு. நல்லா இருக்கறது எனக்கு வேணாம். இதுல எதெல்லாம் வேலை செய்யாது? எங்கெல்லாம் பேசாது? அதச் சொல்லுங்க. ஒண்ணு விடாம."

மேம்பாலத்துக்கு அடியில் சிக்னல் விட்டுப்போகும் என்று ஆரம்பித்தேன். பேட்டரி பதினைந்து சதவீதத்துக்குக் கீழே போனால் போன் தானாக ஆப்பை நிறுத்திவிடும். டவுனில் பஸ் வழி மாற்றி விட்டால் தெரியாது. பால்பண்ணையில் இரண்டு ஸ்டாப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் சிலசமயம் முந்திக்கொண்டு பேசும். அவள் ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றாள். இரண்டு இடத்தில் நிறுத்தி, மறுபடி சொல்லச் சொன்னாள். பதினோரு நிமிடம் ஆயிற்று.

"அவ்வளவுதானா?"

"எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

"தெரியாதது இருக்கும்ல?"

"இருக்கும்."

"சரி" என்றாள். "தெரிஞ்சதும் அன்னிக்கே கூப்பிடுங்க."